பூட்டிய கதவில் ஒரு வட்டம்

சாவு விழுந்த இடத்தில் கேலி பேசக் கூடாது என்று ஒட்டடைக்குத் தெரியும். அவன் வாய்க்குத்தான் தெரியாது.

“டீச்சர், இந்தக் கைப்பிடிச் சுவர் என் முழங்காலுக்குத்தான் வருது. கட்டினவன் குள்ளனா, இல்ல பாதி சிமெண்டைத் தின்னவனா?”

“உன் முழங்கால் ஊருக்கெல்லாம் இடுப்பு. தள்ளி நில்லு.”

ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், அதே கனம். அதனால் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ பழைய சான்றிதழில் தூங்கிக்கொண்டிருக்கிறது. டீச்சர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவள். பரீட்சைத் தாளை விற்ற தலைமை ஆசிரியரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அவர் நாற்காலியில் இருந்தார், இவள் வேலை போயிற்று. அன்று பிடித்த பழக்கம், இன்றைக்குத் துப்பறிவதே பிழைப்பு. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சம்பளம் என்ற பேச்சு அபூர்வமாகத்தான் வரும். சண்டை தினமும் வரும்.

அது ஆலைக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. ஒரு பக்கம் வரிசையாக வீடுகள், மறுபக்கம் அந்தக் குட்டைச் சுவர், நடுவில் ரயில் பெட்டி போல நீண்ட வராந்தா. போன வாரம் ஒரு பிற்பகல், ஆலைச் சங்கு ஊதி ஆட்கள் உள்ளே போய், வீட்டில் இருந்தவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில், கணக்கெடுப்புக்காரி இங்கிருந்து கீழே விழுந்து செத்தாள். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது அவள் வேலை. தள்ளியது அவள் புருஷன், பஸ் டிப்போ மெக்கானிக், என்று போலீஸ் சொன்னது.

“இன்னைக்குச் சாயந்திரம் மாமாவைக் கோர்ட்டுல நிறுத்தறாங்க டீச்சர்,” என்றாள் செத்தவளின் தங்கை. அவள் அழவில்லை. அழுது முடித்தவளின் வறண்ட குரல். “அதுக்கப்புறம் ஜெயில்தான். அக்கா பொண்ணு யாரைக் கேட்கும்? அம்மா எங்கேன்னு கேட்டா ஒரு பொய் சொல்லலாம். அப்பா எங்கேன்னு கேட்டா என்ன சொல்ல?”

“உங்க மாமா மேல உங்களுக்குச் சந்தேகமே இல்லையாம்மா?”

“பஸ்ஸுக்கு அடியில எலி செத்துக் கிடந்தாக்கூட வெளியில வந்துடற மனுஷன். அவர் தள்ளுவாராம். நல்லாச் சொன்னாங்க.”

டீச்சர் பூட்டிய ஒரு கதவின் முன்னால் போய் நின்றாள். அந்தக் கதவுக்கு எதிரேயிருந்துதான் கணக்கெடுப்புக்காரி விழுந்திருந்தாள். இடது நிலைக்கட்டையில் சுண்ணாம்புக்கட்டியால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகள். வலது நிலைக்கட்டையில், வீட்டு எண்ணுக்குக் கீழே, அழகான ஒரு வட்டம்.

“இந்த வட்டம்தான் அவர் கழுத்துக்கு வந்த வட்டம்,” என்றான் ஒட்டடை. “வட்டம்னா வீடு முடிஞ்சதுன்னு அர்த்தமாம். முடிஞ்ச வீட்டுக்கு, அதுவும் பூட்டின வீட்டுக்கு, இவங்க எதுக்கு மறுபடி வந்தாங்க? யாரையோ பார்க்க வந்தாங்க, புருஷன் பின்னாலேயே வந்துட்டான். இது இன்ஸ்பெக்டர் சார் போட்ட கணக்கு.”

“அவன் என்கிட்டப் படிச்சவன். அப்பவும் விடையை முதல்ல எழுதிட்டுத்தான் வழியைத் தேடுவான்.”

இந்த நேரத்தில் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவர் வந்தார். கூரைக்குக் கீழேயும் விரித்த குடையை மடக்கவில்லை. கணக்கெடுப்பவர்களுக்கெல்லாம் அவர்தான் மேற்பார்வை. எல்லோருக்கும் அவர் குடைக்காரர்.

“என்ன கணக்கெடுப்புங்க இது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க,” என்றாள் டீச்சர்.

“ஆராய்ச்சி நிலையத்து வேலைங்க. ஆலைக்காரங்களோட வயசான காலத்துச் சேமிப்பு இருக்கு பாருங்க, அதை அரசாங்கம் சோதனைக்காக இந்தக் குடியிருப்புல மட்டும் பங்குச் சந்தையில போட்டாங்க. போடறதுக்கு முன்னாடி இந்தக் குடும்பங்க எப்படி இருந்தாங்க, இப்ப எப்படி இருக்காங்கன்னு எங்க நிலையத்துப் பேராசிரியர் ஒப்பிட்டு அறிக்கை எழுதியிருக்கார். பிரமாதமான முடிவு. இன்னைக்குச் சாயந்திரம் மந்திரி அறிவிக்கறார். இனிமே நாடு முழுக்க எல்லார் சேமிப்பும் சந்தைக்குத்தான்.”

“இந்தக் கோடு?”

“போய்க் கதவைத் தட்டினா ஒரு கோடு. பதில் கிடைச்சா வட்டம். மூணு தடவை போயும் பூட்டியிருந்தா அந்த வீட்டை விட்டுட்டு, அடுத்த வீட்டை எடுத்துக்கலாம். அதான் விதி.”

“மூணு தடவைதானே?”

“மூணேதான்.”

“இங்கே நாலு இருக்கே.”

குடைக்காரர் குடையை மடக்கினார். மறுபடி விரித்தார். ஒட்டடைக்கு அது பிடிக்கவில்லை. நல்ல மனசாட்சிக்காரன் குடையோடு விளையாட மாட்டான் என்பது அவன் கட்சி.

டீச்சர் வராந்தாவின் ஓரம் வரைக்கும் நடந்தாள். பூட்டிய வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிறையவே இருந்தன. ஒவ்வொன்றிலும் நாலாவதாக ஒரு கோடு, மற்றவற்றைவிடப் புதிதாக, கொஞ்சம் அழுத்தி இழுத்தது.

“அது எங்க அக்கா கோடு,” என்றாள் தங்கை மெதுவாக. “கை சாஞ்சுதான் இழுக்கும்.”

“பக்கத்து வீட்டைத் தட்டு,” என்று டீச்சர் ஒட்டடையிடம் சொன்னாள்.

தட்டினான். உள்ளே தாழ்ப்பாள் விலகிய வேகத்தில் கதவு வெளிப்பக்கமாகப் பறந்து வந்து அவன் மூக்கில் இறங்கியது. அங்கே எல்லாக் கதவும் அப்படித்தான். திறந்தால் வலதுபக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

“அய்யோ, அடிபட்டுடுச்சா தம்பி?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“இல்லக்கா. என்கிட்ட மிச்சம் இருந்த ஒரே சதை அதுதான். அதுவும் போச்சு.”

டீச்சர் அவன் மூக்கைப் பார்க்கவில்லை. சுவரோடு சாய்ந்து கிடந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூட்டிய வீட்டைப் பற்றிக் கேட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரியின் முகம் சுருங்கியது. “லேத்துக்காரர் வீடு. ஆலையில லேத் மெஷின் ஓட்டினவர், நல்ல மனுஷன். எங்க பணம் சந்தையில நல்லா வளந்துடுச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. நடுவுல ஒருதரம் பாதிக்குப் பாதி விழுந்துச்சு. நாங்க கை வைக்காம இருந்தோம், அது பாட்டுக்கு ஏறிக்கிச்சு. அவருக்கு அந்த மாசம் பார்த்து பொண்டாட்டிக்கு ஆபரேஷன். எடுத்தாகணும். எடுத்தார். இருபது வருஷத்து உழைப்பு, பாதிதான் கைக்கு வந்துது. அந்தம்மா பொழைச்சு எழுந்துது. இவர் ஃபேன்ல தொங்கிட்டார். அப்புறம் அந்தம்மா அண்ணன் வீட்டுக்குப் போயிடுச்சு. போன வருஷத்துலேர்ந்து இந்தப் பூட்டைத் தொட்டவங்க இல்லை.”

“அப்ப கணக்கெடுப்புல அவங்களுக்குப் பதிலா?”

“எங்களைக் கேட்டாங்க. சந்தோஷமா இருக்கோம்னு சொன்னோம். பின்னே என்னத்தைச் சொல்ல?”

கதவு மூடியது. மற்ற பூட்டுகளுக்கும் கதை கேட்டார்கள். ஒருவன் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டான். ஒரு கிழவர் மகள் வீட்டில் ஒட்டிக்கொண்டார். சந்தை படுத்திருந்த நேரத்தில் பணம் தேவைப்பட்ட வீடெல்லாம் பூட்டிய வீடு.

“காத்திருக்க முடிஞ்சவன் கதவைத் திறந்து பதில் சொல்றான்,” என்றாள் டீச்சர். “காத்திருக்க முடியாதவன் ஊர்லயே இல்லை. அப்ப கணக்கு என்ன சொல்லும்?”

“எல்லாரும் சௌக்கியம்னு சொல்லும். செத்த நோயாளியை எல்லாம் விட்டுட்டு, எழுந்து நடக்கறவனை மட்டும் கூப்பிட்டு ‘மருந்து எப்படி?’ன்னு கேட்ட வைத்தியர் மாதிரி.” சொன்ன ஒட்டடைக்கே சிரிப்பு வரவில்லை.

டீச்சர் குடைக்காரர் பக்கம் திரும்பினாள். “இது உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்னா... விதி அப்படிங்க. அந்தப் பொண்ணு கேட்கலை. பூட்டின வீட்டுக்காரங்க எங்க போனாங்கன்னு தேட ஆரம்பிச்சுது. போகாதேம்மா, நிலையம் நாலாவது நடைக்குக் கூலி குடுக்காதுன்னு நான்தான் கத்தினேன். ரெண்டு நாள் பேசலை என்கூட.”

“அவ விழுந்தப்ப நீங்க எங்கே?”

“கீழ்மாடியில. தனியாத்தான் இருந்தேன்.” குடையை மறுபடி மடக்கினார். “நான் பார்க்கலைங்க. சத்தம்தான் கேட்டுது.”

ஒட்டடை, ‘ஆள் அகப்பட்டான்’ என்று கண்ணால் ஜாடை காட்டினான். டீச்சர் பையிலிருந்து ஒரு சுண்ணாம்புக்கட்டியை எடுத்துக் குடைக்காரரிடம் நீட்டினாள்.

“அந்தக் கோடி வீடு முடிஞ்சதுன்னு வெச்சுக்குங்க. ஒரு வட்டம் போடுங்க.”

அவர் ஒன்றும் புரியாமல் போனார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது நிலைக்கட்டையில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, பரீட்சை எழுதிய பையன் மாதிரி திரும்பிப் பார்த்தார்.

“போதும். நீங்க போகலாம்,” என்றாள் டீச்சர்.

“போகலாமா?” ஒட்டடைக்குத் தூக்கிவாரிப்போட்டது. “டீச்சர், கைக்குள்ள வந்த மீனை—”

“அது மீன் இல்லை. தூண்டிலைப் பார்த்தாலே பயப்படற தவளை. வா, ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகணும். போற வழியில அந்த இன்ஸ்பெக்டருக்கு ஃபோன் போடு. டீச்சர் கூப்பிடறாங்க, பிரம்பு கொண்டு வரலைன்னு சொல்லு.”

*

ஆராய்ச்சி நிலையம் சலவைக்கல்லும் கண்ணாடியுமாகக் குளிர்ந்து கிடந்தது. டீச்சர் வரவேற்பறையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, ஒட்டடை கார் நிற்குமிடத்தில் பேராசிரியரின் டிரைவரோடு உறவு கொண்டாடிக்கொண்டிருந்தான். தீப்பெட்டி கடன் கேட்டால் போதும், அவனுக்கு யாரும் மச்சான்தான்.

படியேறும்போது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “பெரிய மனுஷங்க பல்லுக்கு மவுசு பாருங்க டீச்சர். போன வாரம் பேராசிரியருக்குப் பல்வலியாம். ஆலை முக்குல இறக்கிவிடு, காத்திருக்காதேன்னுட்டாராம். ஆலை முக்குல ஏது பல் டாக்டர்? அங்க இருக்கறது ஒரு பஞ்சர் கடை. காத்து இறங்கின பல்லு போல இருக்கு.”

டீச்சர் அப்படியே படியில் நின்றாள்.

“என்னைக்கு?”

“சம்பவத்து அன்னைக்...” ஒட்டடையின் சிரிப்பு பாதியில் செத்தது.

“சில சமயம் உன் வாய்க்கு உன்னைவிட மூளை அதிகம்,” என்று சொல்லிவிட்டு அவள் மேலே ஏறினாள்.

பேராசிரியரின் அறைச் சுவரில் பெரிய திரை. அதில் கம்பெனிகளின் விலைகள் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டே இருந்தன. அவர் மெலிந்தவர், மரியாதையானவர். தானே எழுந்து டீச்சருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“ரொம்ப வருத்தமான விஷயம். நல்ல உழைப்பாளி,” என்றார். “குடும்பத் தகராறுன்னு கேள்விப்பட்டேன்.”

“நீங்க அந்தக் குடியிருப்புக்குப் போயிருக்கீங்களா சார்?”

“போனதே இல்லை. போகவும் கூடாது. ஆய்வு பண்றவனே போய் நின்னா ஜனங்க அவனுக்குப் பிடிச்ச பதிலைச் சொல்லுவாங்க. கணக்கெடுக்கறவங்களுக்கு ஒரு கையேடு எழுதிக் குடுத்துட்டு நான் ஒதுங்கிடுவேன். இத்தனை வருஷமா என் கொள்கை அது.”

“நல்ல கொள்கை. கையேட்டுல ஒரு சந்தேகம். வட்டத்தை எங்கே போடணும்?”

“வலது நிலைக்கட்டையில, வீட்டு எண்ணுக்குக் கீழே. எண்ணும் குறியும் சேர்ந்தே கண்ணுல படும்.” மாணவன் நல்ல கேள்வி கேட்டுவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது.

“லேத்துக்காரர் வீட்டுக் கதவுல அங்கேதான் இருக்கு.”

“இருக்கணும்.”

“மத்த கதவு ஒண்ணுலகூட அங்கே இல்லை சார்.”

பேராசிரியர் கண்ணாடியைச் சரிசெய்தார். டீச்சர் அவசரப்படவில்லை. கரும்பலகை முன்னால் நிற்பவளைப் போல ஒவ்வொரு படியாக ஏறினாள்.

“அங்கே கதவெல்லாம் வெளிப்பக்கம் திறக்கும். திறந்தா வலது நிலைக்கட்டை மறைஞ்சுடும். பதில் வாங்கினவங்க குறி போடும்போது வீடு திறந்துதான் இருக்கும். அதனால முதல் நாள்லேர்ந்தே எல்லாரும் உங்க கையேட்டை விட்டுட்டு இடது பக்கம் போடறாங்க. மேற்பார்வைக்காரரும் அப்படித்தான் போடறார், என் கண்ணால பார்த்தேன். இது அங்கே நின்னு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். கையேட்டை மட்டும் தெரிஞ்ச ஒருத்தருக்குத்தான் தெரியாது. பூட்டின கதவு முன்னால நின்னதால, போட்ட இடம் தப்புன்னு அவருக்குத் தெரிய வழியும் இல்லை.”

ஒட்டடை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அடி விழுந்ததன் அர்த்தம் இப்போதுதான் அவனுக்கு ஏறியது.

“ஒரே ஒரு வட்டம்,” என்றார் பேராசிரியர் நிதானமாக. “ஒண்ணை வெச்சு முடிவுக்கு வர்றது அறிவியல் இல்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.”

“அப்ப ரெண்டாவது,” என்றாள் டீச்சர். “ஆலை முக்குல இருக்கற பல் டாக்டர் யாரு சார்? இவனுக்கும் ஒரு பல்லு ஆடுது.”

திரையில் விலைகள் ஓடின. அவர் கண் அதிலேயே இருந்தது. அதனிடமே பேசுவதுபோலப் பேசினார்.

“அவ என்கிட்ட வந்து சொன்னா. பூட்டின வீட்டுக்காரங்களை எல்லாம் தேடிக் கண்டுபிடிச்சுச் சேர்க்கணுமாம். சேர்த்தா மொத்த முடிவும் தலைகீழா மாறிடும்னா. செத்தவனை எப்படிம்மா கேள்வி கேட்கறதுன்னேன். நேர்ல வந்து பாருங்கன்னு கூப்பிட்டா. போனேன். இல்லாதவங்களைப் பத்தித் தரவு இல்லை, உலகத்துல எல்லாரும் இப்படித்தான் செய்யறோம். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மந்திரி அலுவலகத்துக்குத் தானே எழுதறேன்னா. எல்லாத்தையும் குறிச்சு அவ கையில வெச்சிருந்த அட்டையை வாங்கத்தான் இழுத்தேன். அவ விடலை. நான் விட்டுட்டேன்.”

“அப்புறம்?”

“சுண்ணாம்புக்கட்டி தரையில கிடந்தது.” அவர் விரல் மேசைமேல் தானாக ஒரு வட்டம் போட்டது. “வீடு முடியாமக் கிடந்தது. முடிச்சு வெச்சேன்.”

ஒட்டடை எத்தனையோ திருடர்களையும் கொலைகாரர்களையும் பார்த்திருக்கிறான். அவர்களுக்கெல்லாம் வேர்க்கும், பொய் தடுமாறும். இந்த மனுஷனுக்கு எதுவுமே ஆகவில்லை.

கதவருகே இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது.

“நீ பிடிச்ச அதே வட்டம்தான்ப்பா,” என்றாள் டீச்சர் அவரிடம். “விடை வேற, அவ்வளவுதான்.”

“மார்க்கு போடாதீங்க டீச்சர்,” என்றார் இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டு.

பேராசிரியர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தார். “அறிக்கை காலையிலேயே மேல போயிடுச்சு,” என்றார். அதை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

*

மெக்கானிக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல், காவல் நிலைய வாசலிலேயே விட்டார்கள். தாடி முளைத்த முகம். நகக்கண்ணில் இன்னும் டிப்போ கிரீஸ். குழந்தை சித்தியின் கையை உதறிவிட்டு ஓடி வந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. அவர் அதைத் தூக்கவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொண்டார்.

டீச்சர் நடந்ததை எல்லாம் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, எதையும் கூட்டவில்லை.

“அன்னைக்குக் காலையில சண்டை போட்டேன்,” என்றார் அவர். “தெருவே கேட்டுச்சுன்னு போலீஸ்ல சொன்னாங்க. உண்மைதான். பூட்டின கதவைத் தட்டித் தட்டி உனக்கு என்னடி கிடைக்கப் போகுதுன்னு கத்தினேன். நான் தட்டாட்டி அவங்க இருந்ததாவே யாரும் எழுத மாட்டாங்கன்னா. போய்த் தொலைன்னேன்.” குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு, “போயிட்டா,” என்றார்.

தங்கை அவர் தோளைத் தொட்டாள். “வாங்க மாமா, வீட்டுக்குப் போவோம்.”

எல்லோருமாக நடந்தார்கள். ஒட்டடைதான் குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அவன் உயரத்துக்கு அதற்கு ஊரே தெரிந்தது. முக்கில் டிவி விற்கும் கடை. கண்ணாடிக்குப் பின்னால் சின்னதும் பெரிதுமான திரைகளில் ஒரே மந்திரி, ஒரே சிரிப்பு. குடியிருப்பில் நடந்த சோதனை முழு வெற்றி, ஆய்வில் கலந்துகொண்ட குடும்பங்கள் எல்லாம் முன்னைவிட நன்றாக இருக்கின்றன, இனி நாட்டில் உழைப்பவர் எல்லோருடைய சேமிப்பும் வளரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே சந்தையின் எண்கள் பச்சைப் பசேலென்று ஏறிக்கொண்டிருந்தன. கடை முன்னால் நின்ற இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“ஒருத்தரைப் பிடிச்சாச்சே டீச்சர்,” என்று தங்கை மெல்லக் கேட்டாள். “இதை நிறுத்த மாட்டாங்களா?”

“நாளைக்கே எழுதறேன்ம்மா. அக்கா கண்டுபிடிச்சது அத்தனையும் எழுதறேன்.” டீச்சரின் குரலில் வழக்கமான உறுதி இல்லை. “அவர் பிடிபட்டது ஒரு உயிருக்காக. இந்தக் கணக்குக்காக இல்லை.”

மெக்கானிக் கண்ணாடிக்கு மிக அருகில் போய் நின்றார். பச்சை வெளிச்சம் அவர் தாடியில் விழுந்தது. ஏறும் எண்ணை, புரியாத எஞ்சினைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பினார், ஏனோ டீச்சரைக் கேட்காமல், குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒட்டடையைக் கேட்டார்.

“நல்லா இருக்கறதா ஒரு கூட்டத்தைச் சொல்றாரே, அதுல லேத்துக்காரர் இருக்காரா?”

ஒட்டடை இல்லை என்று தலையாட்டினான்.

“எங்க வீட்டுக்காரி?”

குழந்தையின் முகத்தைத் திரைகளுக்கு மறுபக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஒட்டடை முன்னால் நடந்தான்.